அரை இஞ்ச் கீழே

ரெண்டு கையையும் தூக்கி மேல இருக்குற கம்பியப் புடிச்சுக்கங்கன்னு சவரிராயன் சொன்னதும், தண்டபாணி மறுபேச்சு பேசாம தூக்கிப் புடிச்சுக்கிட்டாரு. இருபத்தாறு வருசமா அந்தாள மனசுக்குள்ள எத்தனையோ விதமா நிக்க வச்சுப் பாத்தவன் சவரிராயன். கோர்ட்டுக் கூண்டுல நிக்க வச்சிருக்கான், சித்திர மாச வெயில்ல செருப்பில்லாம நிக்க வச்சிருக்கான், ஒருதடவ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப மலைக்கோட்டை உச்சியில ஒத்தக் கால்லகூட நிக்க வச்சான். திருச்சி புத்தூர்ல தன்னோட சொந்தக் கடையில, மேல் சட்டயில்லாம, மெல்லிசான வெள்ளைத் துணிக் குழாய பனியனாட்டம் மாட்டிக்கிட்டு, போலீசப் பாத்தவரு மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பாருன்னு மட்டும் தோணுனதே இல்ல. காலையில டாக்டரு சீட்டுல பேரப் படிச்சதுமே இன்னொருதடவ படிச்சான். தண்டபாணி, வயசு எழுபத்தெட்டு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து நடுமுதுகுல ஒரு எலும்பு நசுங்கிருக்கு, ஆறு வாரம் படுக்கையில இருந்தாச்சு, இனி நடக்குறதுக்கு உடம்பச் சுத்தி பிரேசு செஞ்சு குடுக்கவும். பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா இருக்கணுமான்னு சமாதானம் சொல்லிக்கிட்டுதான் கதவத் தொறந்தான். அதே ஆளுதான். மீசை நரைச்சிருந்துச்சு, கழுத்து வத்திப்போயிருந்துச்சு, ஆனா அடுத்தவன் கடைக்குள்ள வந்ததும் செவுத்துல ஏதாவது கோணலாத் தொங்குதான்னு பாக்குற அந்தப் பார்வ அப்படியே இருந்துச்சு. அந்தாளுக்கு இவனத் தெரியல. தெரியுறதுக்கு என்ன இருக்கு, இவனுக்கு அப்ப தலையில முடி இருந்துச்சு, இப்ப மூஞ்சியில மாஸ்க்கு இருக்கு. பிளாஸ்டர் தூசிக்காகப் போடுறது. இன்னைக்கு வேற எதுக்கெல்லாமோ உதவுச்சு.

கூட வந்த மருமக கோகிலா பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டா. நல்லாப் பேசுற பொண்ணு. ஆட்டோவுல வரும்போது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் மாமா டிரைவருக்குப் பாடம் எடுத்துக்கிட்டே வந்தாராம், கடைசியில அந்தாளு தனக்கும் முதுகு வலிக்குதுன்னு சொல்லிட்டானாம். சவரிராயன் சிரிக்கிற மாதிரி கண்ணச் சுருக்கிக்கிட்டு ஊதாப் பென்சில எடுத்தான். இந்த வேலையில முதல்ல செய்யுறது அதுதான். உடம்புல எலும்பு எங்கெங்க துருத்திக்கிட்டு இருக்கோ அங்கெல்லாம் அந்தத் துணிமேல வட்டம் போடணும். வட்டம் மேல சுத்துற ஈரப் பிளாஸ்டர்ல ஒட்டிக்கும், அது எறுகி வர்ற கூட்டுக்குள்ள ஊத்தி எடுக்குற மோல்டுலயும் ஒட்டிக்கும். மோல்டுல வட்டம் விழுந்த எடத்துல கொஞ்சம் பிளாஸ்டர அப்பி மேடு பண்ணுவாங்க. அப்பத்தான் கடைசியில வர்ற பிரேசுல அதே எடத்துல சின்னதா ஒரு குழி விழும், எலும்பு அதுல போயி நோகாம உக்காந்துக்கும். வட்டம் அரை இஞ்ச் தள்ளிப்போச்சுன்னா குழி ஒரு எடத்துல, எலும்பு ஒரு எடத்துல. நாள் பூரா பிளாஸ்டிக்கு எலும்ப நோண்டிக்கிட்டே இருக்கும். ரத்தம் வராது, ஸ்கேன்ல தெரியாது, டாக்டரு போகப்போகப் பழகிரும்னு சொல்லுவாரு. நெஞ்செலும்புல ஒண்ணு போட்டான், விலாவுல ரெண்டு போட்டான், இடது இடுப்புல பெருவிரல வச்சுத் தேடி எலும்போட மேட்டக் கண்டுபுடிச்சு அதுல ஒண்ணு போட்டான். எல்லாம் எடத்துல விழுந்துச்சு. அப்பத்தான் கோகிலா சொன்னா. "மாமாவும் இந்த லைன்தான் சார். போலியோ காலுக்குப் போடுற இரும்புச் சட்டத்துல இவங்க பேர்லயே ஒரு லாக் இருக்கு. டெல்லியில குடுத்த ஷீல்டு ஹால்ல இருக்கு, வாரா வாரம் நான்தான் தொடைக்கிறேன்." அப்படியான்னு கேட்டான் சவரிராயன். கேட்டுக்கிட்டே வலது இடுப்புல பெருவிரல வச்சான், எலும்பு கெடைச்சுது, வட்டம் போட்டான். அரை இஞ்ச் கீழ. தெரிஞ்சு போட்டானா தெரியாமப் போட்டானான்னு யாராவது கேட்டா, போட்டப்புறம்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சப்புறம் அழிக்கல, அவ்வளவுதான் சொல்ல முடியும். வெதுவெதுப்பான தண்ணியில பிளாஸ்டர் துணிய முக்கி, குமிழி அடங்குனதும் புழிஞ்சு, இடுப்புலேந்து மேல சுத்த ஆரம்பிச்சான். முதல் சுத்துலயே வலது வட்டம் மறைஞ்சுபோச்சு. எறுகுற வரைக்கும் பத்து நிமிசம் அசையக் கூடாது, மூச்ச சீரா விடணும், பேசவே கூடாது, பேசுனா நெஞ்சு ஆடி அச்சு மாறிப்போகும்னு சொன்னான். பெரியவரு தெரியுங்குற மாதிரி கண்ண மூடித் தொறந்தாரு. தெரியாம இருக்குமா, இந்தச் சட்டத்த இவனுக்குச் சொல்லிக்குடுத்ததே அந்தாளுதானே.

தண்டபாணி லாக். செவுத்துக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே அந்தப் பேர நாக்குக்குள்ள உருட்டிப் பாத்தான். கசப்பு மாத்திரைய தண்ணியில்லாம முழுங்குற மாதிரி இருந்துச்சு. அந்த லாக்குக்குச் சத்தம் கெடையாது, அதுதான் அதோட விசேசம். மத்த சட்டத்துல முட்டிக்கிட்ட இருக்குற வளையத்தத் தூக்கிவிட்டாத்தான் கால் மடங்கும், தூக்குனா டக்குன்னு ஒரு சத்தம் வரும். அவன்கிட்ட காலுக்குச் சட்டம் போட வந்துக்கிட்டிருந்த, காலேஜ்ல கடைசி வருசம் படிச்ச நஸீமாதான் அதச் சொன்னா. "அண்ணே, நான் உக்காரும்போதெல்லாம் கிளாஸே திரும்பிப் பாக்குது. நடக்குறதப் பாத்தாக்கூட பரவால்ல, உக்காருறதையுமா பாக்கணும்?" அத அவ சிரிச்சுக்கிட்டே சொன்னதுதான் இவனத் தூங்கவிடல. பதினோரு வாரம். பகல்ல ஆஸ்பத்திரிப் பட்டறையில வேல, சாயங்காலம் ராப்பள்ளிக்கூடத்துல பத்தாங்கிளாஸ், நடுவுல கெடைக்குற நேரத்துல எல்லாம் அந்த வளையம். விளிம்ப சாய்வா ராவுனான், உள்ள பழைய வாட்சு வாரோட தோல வெட்டி ஒட்டுனான், அது பிதுங்குச்சு, எடுத்துட்டு வேற ஒட்டுனான். பன்னண்டாவது வாரம் நஸீமா பெஞ்சுல உக்காந்தா, எழுந்தா, உக்காந்தா, எழுந்தா. சத்தமே இல்ல. அப்புறம் அவ துப்பட்டாவால மூக்கத் தொடச்சுக்கிட்டா. அதுதான் சவரிராயனுக்குக் கெடைச்ச ஷீல்டு, அத யாரும் வாரா வாரம் தொடைக்க வேண்டியதில்ல. பட்டறைத் தலைவரு தண்டபாணி சாரு லாக்க வாங்கிப் பாத்தாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு, நல்லாருக்குடான்னாரு, பையில போட்டுக்கிட்டு டெல்லிக்குப் போனாரு, வரும்போது அது பேரு மாறியிருந்துச்சு. போகட்டும். அதக்கூட விட்டிருப்பான். நெசமா விட்டிருப்பான், செஞ்சவன் பேரு எந்தக் கால்லயும் எழுதியிருக்காது, நடந்தாச் சரின்னு ஒரு தத்துவம் அப்ப அவன்கிட்ட இருந்துச்சு. சின்ன வயசுல தத்துவம் எல்லாம் கைவசம் நெறைய இருக்கும்.

மூணு நிமிசம் ஆயிருந்துச்சு. பிளாஸ்டர் சூடாகத் தொடங்கும் இப்ப, எறுகும்போது அது உடம்பு மாதிரியே சுடும். பெரியவரோட அக்குள்ல தொங்குன சதையப் பாத்தான், இரக்கம் மாதிரி ஏதோ வரப் பாத்துச்சு, வராதேன்னான். அவன் தேடிப் போயித் தீத்துக்குற வஞ்சம் இல்ல இது, தன்னால நடந்து வந்து கடைக்குள்ள நுழைஞ்சது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் பிரேசு போட்டுக்கணும். மூணு மாசம். குனிஞ்சா நோண்டும், உக்காந்தா நோண்டும், ஷீல்டப் பாக்கத் திரும்புனா நோண்டும். இங்க வலிக்குதுன்னு மருமகள்ட்ட சொல்லுவாரு, மாமா எப்பவும் இப்படித்தான்னு அவ சொல்லுவா. இங்க கொண்டாந்து காட்டுனா லேசா சூடு பண்ணி அமுக்கிக் குடுப்பான், இப்ப பாருங்க சார்னு சொல்லுவான், ரெண்டு நாள் சரியா இருக்கும், மறுபடி நோண்டும். தான் நெனச்சது எவ்வளவு சின்னதுன்னு அவனுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. இருபத்தாறு வருசத்துக்கு அரை இஞ்ச். வருசத்துக்கு ஒரு நூல் கூட வரல. ஆனா பெருசாப் பழி வாங்குறதுக்கெல்லாம் பெரிய ஆளா இருக்கணும், சவரிராயன் அளவெடுத்துச் செய்யுறவன், அவனுக்கு இதான் அளவு. கோகிலா போன்ல எதையோ தள்ளிக்கிட்டு, மாமா இப்படி வாயத் தொறக்காம நின்னு தான் பாத்ததே இல்லன்னு சொன்னா. வீட்டுக்கும் ஒரு மூட்ட பிளாஸ்டர் கெடைக்குமான்னு கேட்டா. பெரியவரு கண்ண உருட்டுனாரு, அதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியல.

பித்தளை ஆணி. எங்க சுத்துனாலும் நெனப்பு கடைசியில அங்கதான் வந்து மாட்டும், சேலை முள்ளுல மாட்டுற மாதிரி, இழுத்தா கிழியும். மந்திரி வந்து நஸீமாவையும் சேத்து நாப்பது பேருக்கு அந்த லாக் வச்ச சட்டம் குடுக்குற விழா. முட்டி மூட்டுல போடுற எஃகு ஆணி வந்து சேரல, தேதி வந்துருச்சு. பித்தளையில போட்டுருங்கடான்னாரு தண்டபாணி. பித்தளை தேஞ்சுரும் சார், ஆறு மாசம் தாங்காதுன்னு சவரிராயன் சொன்னான். பட்டறை பூரா கேக்குற மாதிரியா சொன்னான்? இல்ல. வாசல்கிட்ட, மெதுவா, தலையச் சொறிஞ்சுக்கிட்டு சொன்னான். அப்படிச் சொறிஞ்சத இன்னைக்கு வரைக்கும் அவனால மன்னிக்க முடியல. விழா முடியட்டும், ஒண்ணொண்ணாக் கூப்பிட்டு மாத்திக்கலாம்னாரு. விழா முடிஞ்சுது. யாரும் யாரையும் கூப்பிடல. நாலாவது மாசம் காலேஜ் மாடிப்படியில நஸீமா எறங்கும்போது ஆணி முறிஞ்சு, கால் மடங்கி, பதிமூணு படி. தொடையெலும்பு ரெண்டா ஒடைஞ்சுது. சத்தமே இல்லாம விழுந்தாளாம். லாக்கு அவ்வளவு நல்ல லாக்கு. வார்டுக்குப் பாக்கப் போனப்ப அவங்க அம்மா, நீங்கதானே செஞ்சதுன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னான். வேற என்ன சொல்றது, அவன்தானே செஞ்சான். நஸீமா செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. பரீட்சைக்கு அவ போகல, அப்புறம் எங்கயும் போகலன்னு கேள்வி. இவன் பரீட்சைக்குப் போனான். அதுதான் அடுத்த முள்ளு.

பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு லீவு கேட்டு நின்னான். விசாரணை நடந்துக்கிட்டிருந்த நேரம். தண்டபாணி ரொம்பத் தன்மையா, நானே இங்கிலீஷ்ல டைப் அடிச்சு வச்சிட்டேண்டா, கையெழுத்து மட்டும் போடு, நல்லா எழுதிட்டு வான்னாரு. ரெண்டு தாளு. ரெண்டுலயும் போட்டான். இங்கிலீஷ்லயே போட்டான், ராப்பள்ளிக்கூடத்துல புதுசாக் கத்துக்கிட்ட கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழ ஒரு கோடு இழுத்து ரெண்டு புள்ளி வச்சான். அந்த ரெண்டு புள்ளி. யோசிச்சாக் காது சுடுது. ஒரு தாளு லீவு லெட்டரு. இன்னொண்ணு வேற. மறுநாள் இங்கிலீஷ் பரீட்சையில, விடுப்பு கேட்டு அதிகாரிக்குக் கடிதம் எழுதுகன்னு கேள்வி வந்துச்சு, நெட்டுரு போட்டத அப்படியே எழுதுனான், பத்துக்கு எட்டு மார்க்கு. திரும்பி வந்தப்ப வேலைய விட்டு நீக்குன உத்தரவும் அந்த ரெண்டாவது தாளோட நகலும் மேசையில கெடந்துச்சு. படிக்கத் தெரியல. அத மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயி ராப்பள்ளிக்கூட வாத்தியார்ட்ட குடுத்தான். அவரு படிச்சுட்டு, இதுல நீயாடா கையெழுத்துப் போட்டன்னு கேட்டாரு, வரி வரியாத் தமிழ்ல சொன்னாரு. என் கவனக்குறைவு மட்டுமே காரணம். மேலதிகாரிக்குத் தெரியாமல் நானே தவறான ஆணியைப் பொருத்தினேன். அதுக்கப்புறம் சவரிராயன் விடாம இங்கிலீஷ் படிச்சான். ஜனங்க வேலைக்காகப் படிப்பாங்க, வெளிநாடு போகப் படிப்பாங்க. இவன் ஒரே ஒரு பக்கத்தப் படிக்குறதுக்காகப் படிச்சான். படிச்சு முடிச்சப்ப அது மனப்பாடமாவே ஆயிருந்துச்சு.

ஏழு நிமிசம். வெரலால கூட்டத் தட்டிப் பாத்தான். ஈர மண்ணு மாதிரி இருந்த சத்தம் கொஞ்சம் தேங்கா ஓடு பக்கம் வந்திருந்துச்சு. வலது இடுப்புமேல கைய வச்சான். சூடு. உள்ள ஒரு வட்டம் தப்பான எடத்துல பத்திரமா ஒட்டிக்கிட்டு இருக்கு. திருத்தணும்னா இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. மோல்டு வந்ததும் ஊதாப் பென்சில எடுத்து அரை இஞ்ச் மேல போட்டுக்கலாம், ரெண்டு செகண்டு வேல. மார்க் தப்புனா மோல்டுலயே திருத்து, அரை இஞ்சுக்காகப் பேஷண்ட மறுபடி நிக்க வைக்காத, அவன் ஏற்கனவே செத்துக்கிட்டுதான் நிக்குறான்னு அந்தக் காலத்துப் பட்டறையில கத்துவாரு இதே தண்டபாணி. அந்தாளு நல்ல வேலக்காரன். அதுதான் எரிச்சல். மோசமான ஆளு மோசமான வேலக்காரனாவும் இருந்தா எவ்வளவு வசதியா இருந்திருக்கும். திருத்துனா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. பிரேசு கச்சிதமா உக்காரும், பெரியவரு நிமிந்து நடப்பாரு, ஹால்ல ஷீல்டு இருக்கும். திருத்தாட்டி? சவரிராயன் செஞ்ச ஒண்ணு இன்னொரு உடம்பக் காயப்படுத்தும், இந்தத் தடவ பித்தளை மேல பழி போட முடியாது. நஸீமா அம்மா கேட்ட மாதிரி யாராவது கேட்டா ஆமான்னுதான் சொல்லணும். திருத்து. வேணாம். பதிமூணு படி. திருத்து. சேர்ல உக்காந்திருக்குற பொண்ணு போனப் பாத்துச் சிரிக்குது. கடிகாரத்துல செகண்டு முள்ளு ஒவ்வொரு நொடிக்கும் தயங்கித் தயங்கிப் போகுது, அதுக்கும் ஏதோ முடிவெடுக்கணும் போல.

பத்து நிமிசம் ஆச்சு. தட்டுனா ஓட்டுச் சத்தம். முன்பக்கம் மேலேந்து கீழ வரைக்கும் வெட்டி, நண்டு ஓட்ட விரிக்குற மாதிரி ரெண்டு கையால விரிச்சுக் கூட்டக் கழட்டுனான். பெரியவரு கைய எறக்கி, கோகிலா தோளப் புடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாரு. தண்ணி குடிச்சாரு. குடிச்சு முடிச்சு டம்ளரக் குடுத்துட்டு, சவரிராயன் மூஞ்சியப் பாக்காம, அவன் கையப் பாத்துச் சொன்னாரு.

"சவரிதானே. பெருவிரல வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னும் அப்படியேதான் அமுக்குற."

கூடு சவரிராயன் கையில இருந்துச்சு, இன்னும் சூடா.

"வலது பக்கம் அரை இஞ்ச் கீழ போட்டுட்ட பாரு. மோல்டுல சரி பண்ணிக்க." மருமக பக்கம் திரும்புனாரு. "எங்கிட்ட வேல கத்துக்கிட்டவன்மா. அருமையான கை. கவனம் மட்டும் பத்தாது. பாவம், அதனாலதான் அப்ப ஒரு பொண்ணு கீழ விழுந்துருச்சு."

அதச் சொன்ன விதம்தான் சவரிராயன அடிச்சுது. பொய் சொல்லுறவன் குரல் இல்ல அது. தெரிஞ்ச சங்கதியச் சொல்லுறவன் குரல். தான் அடிச்ச தாளத் தானே இருபத்தாறு வருசமா நம்பி, அதுமேல தலைய வச்சு நிம்மதியாத் தூங்கி எழுந்திருக்காரு மனுசன். கோகிலா நிமிந்து இவனப் பாத்தா, ஐயோ பாவம்னு ஒரு பார்வ. கூட்டுக்குள்ள எட்டிப் பாத்தான் சவரிராயன். ஊதா வட்டம், தெளிவா, அரை இஞ்ச் கீழ. என் கவனக்குறைவு மட்டுமே காரணம். அன்னைக்குப் பொய்யா இருந்த வரிய இன்னைக்குத் தன் கையாலயே நெசமாக்கி அந்தாள்கிட்ட குடுத்தாச்சு. கவனக்குறைவு இல்ல சார், வேணும்னேதான் போட்டேன்னு சொல்லலாம். சொன்னா அது இன்னும் கேவலம். கூட்ட எடுத்துக்கிட்டுப் போயி மூலையில இருந்த தகர டிரம்முக்குள்ள போட்டான். அது உள்ள விழுந்து ஒடைஞ்ச சத்தத்துல கோகிலா போன மடியில போட்டுட்டா.

"மறுபடி எடுக்கணும்," அப்படின்னான். புதுத் துணிக் குழாய ஒண்ண வெட்டுனான்.

திரும்பவுமான்னு கோகிலா கேட்டா. கால் மணி நேரம் ஒக்காந்து எளைப்பாறட்டும், அப்புறம் எடுக்கலாம்னு சொன்னான். அந்த நேரத்துல புதுக் குழாய மாட்டிவிட்டான். அப்புறம் பெரியவர எழுப்பி நிக்க வச்சு, கையக் கம்பியில குடுத்தான். நெஞ்சுல ஒண்ணு, விலாவுல ரெண்டு, இடது இடுப்புல ஒண்ணு. வலது இடுப்புல பெருவிரல நல்லா அமுக்கி, எலும்போட மேடு எங்க ஏறி எங்க எறங்குதுன்னு ரெண்டு தடவ தடவிப் பாத்து, மேட்டு மேலயே வட்டம் போட்டான். ஒரு நூல் தப்பல. தன் வாழ்க்கையில இவ்வளவு சரியா ஒரு வட்டம் போட்டதில்லன்னு தோணுச்சு. "இதுக்கு எதுக்குடா மறுபடி, மோல்டுலயே..." அப்படின்னு ஆரம்பிச்சாரு தண்டபாணி. சவரிராயன் ஈரப் பிளாஸ்டரோட முதல் சுத்த அவரு இடுப்புல இழுத்துப் புடிச்சான்.

"பேசக் கூடாது சார். அச்சு மாறிப்போகும்."

வாய மூடிக்கிட்டாரு. இந்த ஒரு சட்டத்த மட்டும் அந்தாளால மீற முடியாது, அவரோட சட்டம் அது. கடைசிச் சுத்தத் தடவி முடிச்சு, கையக் கழுவி, மாஸ்க்கக் கழட்டி ஆணியில மாட்டுனான் சவரிராயன். ஒரு ஸ்டூல இழுத்து அவருக்கு நேர் எதிர்ல போட்டு உக்காந்தான். கடிகாரத்தப் பாத்தான். முழுசாப் பத்து நிமிசம் இருந்துச்சு. காத மூடிக்க அவருக்குக் கை இல்ல, ரெண்டும் மேல இருந்துச்சு.

"டியூ டு மை கேர்லெஸ்னஸ் அலோன்," அப்படின்னு ஆரம்பிச்சான், அவசரமில்லாம, ராப்பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு வாசிக்குற மாதிரி. ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷ்ல சொல்லி, அதத் தமிழ்ல சொல்லி, அந்த வரியில இருக்குற அன்னைக்கு நெசமா நடந்தது என்னன்னும் சொன்னான். பித்தளைன்னு வந்தப்ப பிளாஸ்டர் கூடு லேசா ஏறி எறங்குச்சு. கோகிலா போன எடுக்கவே இல்ல. அவ மாமா மூஞ்சியப் பாக்குறா, இவனப் பாக்குறா, மறுபடி மாமா மூஞ்சியப் பாக்குறா. பெரியவரோட கண்ணு மட்டும் கம்பிக்கும் செவுத்துக்கும் ஓடுச்சு, கோணலாத் தொங்குறது ஏதாவது கெடைக்குதான்னு தேடுற மாதிரி. ஒண்ணும் கெடைக்கல. அந்தக் கடையில எல்லாம் நேராத்தான் இருந்துச்சு.

"மூச்ச சீரா விடுங்க சார்," அப்படின்னான் சவரிராயன். "இன்னும் அந்தப் பொண்ணு படிக்கட்டுக்கே வரல."